அலறும் டிஸ்க் லாக்: ஒரு மெடிக்கல் ரெப்பின் பரிந்துரை

தெருவோரம் வண்டியை நிறுத்திவிட்டு வேலையாக உள்ளே போகிறவர்கள், அலாரம் வைத்த டிஸ்க் லாக் ஒன்றைக் கட்டாயம் வாங்கி வையுங்கள். பைக்கின் டிஸ்க் பிரேக் தகட்டில் மாட்டி, சக்கரத்தை உருளவிடாமல் செய்யும் சின்னப் பூட்டு அது; யாராவது வண்டியை அசைத்தால் அலறும். விலை ஆயிரம் ரூபாய்க்குள்தான். ஆனால் அதை மட்டும் நம்பி ராத்திரி முழுக்க வண்டியை வெளியே விட வேண்டாம். ராத்திரிக்குச் செயின் லாக் தனியாக வேண்டும். இரண்டையும் வாங்கி நெடுநாளாகத் தினமும் புழங்குகிறேன் என்பதால், நல்லதும் கெட்டதும் விவரமாகச் சொல்கிறேன்.

நான் திருச்சியில் மெடிக்கல் ரெப். என் வண்டி ஹோண்டா யூனிகார்ன், முன்சக்கரம் டிஸ்க் பிரேக். வண்டி இல்லாவிட்டால் எனக்கு அன்றைய வேலை இல்லை. ஒரு நாளில் எட்டு பத்து இடத்தில் நிறுத்தி எடுப்பேன். தில்லைநகரில் ஒரு கிராஸுக்குள் நுழைந்தாலே வரிசையாகக் கிளினிக்குகள். எதற்கும் தனியாகப் பார்க்கிங் கிடையாது. சாக்கடை மூடிக்கும் தென்னை மரத்துக்கும் நடுவில் எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே சொருகிவிட்டுப் போக வேண்டியதுதான். பேஷண்ட்டுகள் எல்லாரும் போன பிறகுதான் டாக்டர்கள் ரெப்பைக் கூப்பிடுவார்கள். ராத்திரி ஒன்பதரை, பத்து ஆகிவிடும். அதுவரை வண்டி இருட்டில் நிற்கும். ஸ்டாண்டு இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிகளிலும் டோக்கன் கொடுத்துவிட்டு, ‘வாகனங்களுக்கு நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பலகை மாட்டியிருப்பார்கள்.

போன வருடம் எங்கள் டீமில் இருக்கும் ஒரு தம்பியின் ஸ்பிளெண்டர் இப்படித்தான் ஒரு கிளினிக் வாசலில் இருந்து போனது. சைடு லாக் போட்டிருந்தான், சாவியும் அவன் பாக்கெட்டில்தான் இருந்தது. எதிரே இருந்த மருந்துக் கடையின் சிசிடிவியில் பார்த்தோம். இரண்டு பேர் வேறொரு வண்டியில் வருகிறார்கள். ஒருவன் இறங்கி, ஏதோ தன் வண்டி மாதிரி சீட்டில் உட்கார்கிறான். ஹேண்டிலில் காலை வைத்து ஓர் அழுத்து. அவ்வளவுதான், ஹேண்டில் நேராகிவிட்டது. வண்டியை ஸ்டார்ட் கூடப் பண்ணவில்லை. இவன் ஸ்பிளெண்டரில் உட்கார, பின்னால் வந்தவன் தன் வண்டியில் இருந்தபடியே சைலன்ஸர் பக்கம் காலை முட்டுக்கொடுத்துத் தள்ளிக்கொண்டே போய்விட்டான். டீக்கடையில் ஒரு டீ ஆற்றுகிற நேரம்கூட ஆகவில்லை. பக்கத்தில் இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பெட்ரோல் தீர்ந்துபோன வண்டியைத் தள்ளுவதும் பார்க்க அப்படித்தானே இருக்கும்?

அந்த வீடியோவைப் பார்த்ததும் எனக்கு இரண்டு விஷயம் புரிந்தது. சைடு லாக் என்பது சின்ன இரும்புப் பின் ஒன்றுதான். அது நல்லவர்களுக்குப் போடும் பூட்டு. இரண்டாவது, திருடன் நம்பியிருப்பது சத்தமில்லாமல் இருப்பதை. சக்கரம் உருளாமலும் இருக்க வேண்டும், யாராவது கை வைத்தால் ஊரே திரும்பிப் பார்க்கவும் வேண்டும். இந்த இரண்டையும் செய்கிற ஒரே சாமானாக எனக்குப் பட்டது அலாரம் டிஸ்க் லாக்.

காந்தி மார்க்கெட் பக்கம் ஒரு ஆக்சசரீஸ் கடையில் வாங்கினேன். ஒரே மாதிரிப் பூட்டு, பெட்டியில் மட்டும் வேறு வேறு பெயர். அதனால் பெயரைப் பார்த்து வாங்குவதில் பிரயோசனம் இல்லை, பூட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். கனமாக, ஒரே வார்ப்பாக இருக்க வேண்டும். என்னுடையதில் பின் 6 மில்லிமீட்டர். டிஸ்க்கில் இருக்கும் ஓட்டைக்குள் இந்தப் பின் நுழைந்து மறுபக்கம் போய் உட்கார வேண்டும். ஒவ்வொரு வண்டியின் டிஸ்க்கிலும் ஓட்டை ஒவ்வொரு அளவில் இருக்கும். 10 மில்லிமீட்டர் பின் பலமானதுதான், ஆனால் நம் ஊர் 125, 150 சிசி வண்டிகள் பலவற்றின் ஓட்டைக்குள் அது போகாது. கடை வாசலிலேயே உங்கள் வண்டியில் மாட்டிப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். முன்னாலும் பின்னாலும் டிரம் பிரேக் மட்டும் உள்ள வண்டி என்றால் இந்தப் பூட்டால் பயனில்லை. கீழே செயின் பற்றிச் சொல்லியிருப்பதைப் படியுங்கள்.

மாட்டுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டிஸ்க்கில் கைக்கு எட்டின ஓட்டையில் மாட்டிவிட்டுப் போகிறவர்கள்தான் அதிகம். அப்படிப் போட்டால் சக்கரம் முக்கால் சுற்று உருண்ட பிறகுதான் பூட்டு, டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கிற காலிப்பரில் போய் இடிக்கும். உருண்டு வந்த வேகத்தில் இடித்தால் டிஸ்க் வளையும், காலிப்பரும் அடிவாங்கும். நான் வண்டியை நிறுத்தியதும் லேசாக முன்னே பின்னே தள்ளி, காலிப்பரை ஒட்டினாற்போல் வரும் ஓட்டையில் போடுவேன். பிறகு வண்டி எந்தப் பக்கமும் நாலு விரல் கூட நகராது. இன்னொன்று, ஓட்டி வந்த உடனே டிஸ்க் கொதிக்கும். வெறும் விரல் பட்டால் சுட்டுவிடும், பார்த்து மாட்டுங்கள்.

மாட்டியதும் ‘பீப்’ என்று ஒரு சத்தம். அதற்குப் பிறகு வண்டியை யாராவது அசைத்தால் முதலில் மூன்று பீப், அது எச்சரிக்கை. சில நொடிக்குள் மறுபடி அசைத்தால் முழு அலறல். பெட்டியில் 110 டெசிபல் என்று போட்டிருக்கிறது. அளந்து பார்க்க என்னிடம் கருவி இல்லை, ஆனால் எங்கள் தெருவில் ராத்திரி அடித்துப் பார்த்தபோது மாடியில் தூங்கிக்கொண்டிருந்த வீட்டுக்காரர் பால்கனிக்கு வந்துவிட்டார், தெருநாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தன. எனக்கு வேண்டியது அதுதான். பத்து நொடி கத்திவிட்டுத் தானே நின்று, மறுபடி காவலுக்கு வந்துவிடும்.

இந்த முதல் எச்சரிக்கை பீப்பைத்தான் நான் இந்தப் பூட்டின் உயிர் என்பேன். பக்கத்து வண்டியை எடுப்பவர் தெரியாமல் இடித்துவிட்டால் மூன்று பீப்போடு முடிந்துவிடுகிறது, அவரும் கையை எடுத்துவிடுகிறார். திருட வந்தவனுக்கும் அந்த மூன்று பீப் ஒரு சேதி. இங்கே சத்தம் போடும் பூட்டு இருக்கிறது, அடுத்த வண்டியைப் பார் என்று. அடுத்த வண்டிக்காரரை நினைத்தால் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. அதனால்தான் எல்லாரும் வாங்குங்கள் என்கிறேன்.

சரி, குறைகளுக்கு வருவோம்.

முதல் தலைவலி ஆஸ்பத்திரி ஸ்டாண்டு. நம் ஊர் ஸ்டாண்டில் யாரும் வண்டியை விட்ட இடத்தில் விட்டுவைப்பதில்லை. இன்னும் நாலு வண்டிக்கு இடம் பண்ண, பின்பக்கக் கம்பியைப் பிடித்துத் தூக்கி நகர்த்துவார்கள். என் வண்டியைத் தொட்டதும் அலறல். அது வார்டுக்குக் கீழே. ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டரை அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகளிலேயே இருக்கிறது. விதி இருக்கட்டும், மேலே படுத்திருப்பவர்களின் நிலைமை நமக்குத் தெரியாதா? ஸ்டாண்டு அண்ணன் ஒருநாள் கையெடுத்துக் கும்பிட்டார். “சார், நீங்க டெய்லி வர்றவரு. இந்தக் கத்துற பூட்டைப் போடாதீங்க, நர்ஸம்மா என்னைய வந்து திட்டுறாங்க” என்றார்.

இதற்குப் பூட்டிலேயே வழி இருந்தது. மாட்டும்போது, அழுத்திப் பூட்டுகிற உருளையை அரை வட்டம் திருப்பி அழுத்தினால் அலாரம் இல்லாமல் வெறும் பூட்டாக வேலை செய்யும். உருளையில் ஒரு சிவப்புப் புள்ளி இருக்கிறது, அது எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதுதான் கணக்கு. எல்லா மாடலிலும் இந்த வசதி இல்லை. வாங்கும்போது கேட்டுப் பார்த்து வாங்குங்கள். இப்போது ஆஸ்பத்திரி ஸ்டாண்டில் சத்தமில்லாத பக்கம், தெருவில் சத்தம் போடும் பக்கம். பையில் போட்டு எடுத்துப் போகும்போதும் சத்தமில்லாத பக்கமே வையுங்கள், இல்லாவிட்டால் டாக்டர் முன்னால் பைக்குள்ளிருந்து அலறும்.

இரண்டாவது பேட்டரி. என்னுடையதில் எல்.ஆர்.44 என்கிற பட்டன் பேட்டரி ஆறு. கைக்கடிகாரக் கடையில் கிடைக்கும். ஸ்பேர் ஒரு செட்டு பூட்டோடே கொடுத்தார்கள், கூடவே மூடியைக் கழற்றக் குட்டி ஆலன் கீ ஒன்றும். பேட்டரி சாகப்போவதை இந்தப் பூட்டு முன்கூட்டிச் சொல்லாது. சத்தம் நாளுக்கு நாள் கம்மும், பிறகு ஒருநாள் பேசாது. பூட்டு மட்டும் பூட்டியபடி இருக்கும். வாரத்தில் ஒருநாள் மாட்டிவிட்டு வண்டியை ஆட்டிச் சத்தத்தைக் கேட்டுவிடுவது நல்லது.

மூன்றாவது, மழை. மூடிக்கு உள்ளே ஒரு ரப்பர் வளையம் இருக்கிறது. பேட்டரி மாற்றும்போது அது கொஞ்சம் பிசகினாலும் தண்ணீர் இறங்கிவிடும். ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, யாரும் தொடாமலே பூட்டு விட்டு விட்டுக் கத்தியது. திறந்து பார்த்தால் உள்ளே ஈரம், பேட்டரி முனையில் பச்சைப் பாசி பிடித்தாற்போல் களிம்பு. துடைத்துக் காயவைத்து, வளையத்தில் துளி கிரீஸ் தடவி மூடினேன். அதற்கப்புறம் பிரச்சினை இல்லை. கடைக்காரரிடம் வாரண்டி கேட்டால், “எலக்ட்ரிக் அயிட்டத்துக்கு வாரண்டி இல்ல தம்பி” என்றார். இதை வாங்கும் முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும்.

பூட்டை மாட்டியதை மறந்து வண்டியை எடுத்துவிடுவோம் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயம் சரியானதுதான். கியரைப் போட்டு எடுத்தால் முன்சக்கரம் கட்டிக்கொண்டு ஆள் கீழே விழுவார். இதற்காகவே ஆரஞ்சு நிறத்தில் சுருள் கம்பி ஒன்று விற்கிறார்கள். ஒரு முனை பூட்டில், மறுமுனை ஹேண்டில் பாரில். கண்ணுக்கு நேரே தொங்கும்போது மறக்கவே முடியாது. என் பூட்டோடு அது வரவில்லை, தனியாக வாங்கினேன். அதுவும் சேர்ந்த செட்டாகவே வாங்குவது மேல்.

வெளிநாட்டில் சோல்ட் செக்யூர் என்று ஒரு அமைப்பு, பூட்டுகளை உடைத்துச் சோதித்து வெண்கலம், வெள்ளி, தங்கம், வைரம் என்று தரம் போடுகிறது. ஆபஸ், ஜீனா மாதிரிக் கம்பெனிகள் அலாரம் டிஸ்க் லாக்கைப் பல காலமாகச் செய்கின்றன. இங்கே கடையில் நான் புரட்டிப் பார்த்த பெட்டிகளில் அப்படி எந்த முத்திரையும் இல்லை. காசு தாராளமாக இருப்பவர்கள், பெரிய வண்டி வைத்திருப்பவர்கள் அந்த மாதிரி முத்திரை உள்ளதாகத் தேடி வாங்கட்டும். எனக்கு ஒரு மணி நேரம், இரண்டு மணி நேரம் தெருவில் நிற்கும் வண்டிக்கு இது போதும்.

இனி ராத்திரி. டிஸ்க் லாக் வண்டியை உருளவிடாது, தூக்கவிடாமல் செய்யாது. யூனிகார்ன் 140 கிலோ சுமார். இரண்டு பேர் தம் கட்டினால் ஒரு குட்டியானை வேனில் ஏற்றிவிடலாம். ஊரடங்கிய பிறகு பத்து நொடி அலறலையும் சகித்துக்கொள்கிற துணிச்சல் சிலருக்கு இருக்கும். ஆகவே வீட்டில் நிறுத்தும் வண்டியை அசையாத ஒன்றோடு கட்டிப்போட வேண்டும். எங்கள் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே ஒரு தூண் இருக்கிறது. பின்சக்கரம் வழியாக, அந்தச் சக்கரத்தைத் தாங்குகிற ஸ்விங் ஆர்மையும் சேர்த்து, தூணைச் சுற்றிச் செயின். முன்சக்கரத்தில் மட்டும் கட்டினால் ஆக்சில் நட்டைக் கழற்றிச் சக்கரத்தை விட்டுவிட்டு மிச்ச வண்டியைக் கொண்டுபோகலாம்.

செயின் வாங்கும்போது பிளாஸ்டிக் உறைக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று உறையை நகர்த்திப் பாருங்கள். சைக்கிளுக்கு விற்கிற கேபிள் லாக், கம்பி கட்டரில் ஒரே கடியில் போய்விடும். கணு கணுவாக, கடினப்படுத்திய எஃகுச் சங்கிலியாக, 10 மில்லிமீட்டருக்குக் குறையாமல் இருக்கட்டும். கையால் பிடிக்கும் பெரிய போல்ட் கட்டர் அதைக்கூடக் கடிக்கும். 16 மில்லிமீட்டர் ஆனால் திணறும், ஆனால் அந்தக் கனத்தைத் தினமும் யார் தூக்குவது? வீட்டிலேயே கிடக்கப்போகிறது என்றால் எடுங்கள். சங்கிலியைத் தரையில் கிடக்க விடாமல் இழுத்துக் கட்டுவது ரொம்ப முக்கியம். தரையில் கிடந்தால் கட்டரின் ஒரு கைப்பிடியைத் தரையில் ஊன்றி, மறுபிடியை உடம்புக் கனத்தோடு அழுத்தலாம். அந்தரத்தில் தொங்கினால் கை பலம் மட்டும்தான்.

சங்கிலிக்குப் பூட்டு நான் திண்டுக்கல்லில் வாங்கினேன். மாதம் ஒருமுறை அங்கே டூர் உண்டு. குடைப்பாறைப்பட்டி, நல்லாம்பட்டிப் பக்கம் வீட்டு வாசலில் உட்கார்ந்து கையாலேயே பூட்டு செய்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2019 ஆகஸ்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. குறியீடு கிடைத்தும் செய்கிற கைகள் குறைந்துகொண்டே வருவதைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. எனக்குப் பூட்டு கொடுத்த பெரியவர், சாவியின் பல்லை அரத்தால் தேய்த்துத் தேய்த்து, பூட்டுக்குள் விட்டுத் திருப்பி, காதருகே வைத்து லீவர் விழும் சத்தத்தைக் கேட்டு, மறுபடி தேய்த்தார். வண்டிக்கு என்றதும் வளையம் உயரமாக இருந்த பூட்டை ஒதுக்கிவிட்டு, வளையம் குட்டையாக, தடியாக இருந்ததை எடுத்துக் கொடுத்தார். “இடுக்குல கடப்பாரை நுழையக்கூடாது, அதுதான் கணக்கு” என்றார். சங்கிலியோடு இலவசமாக வந்த பூட்டை நான் கேட் கதவுக்குப் போட்டுவிட்டேன். மழை படும் இடம் என்றால் இந்தப் பூட்டுக்கு மாதம் ஒரு சொட்டு எண்ணெய் விட வேண்டும்.

ஜிபிஎஸ் கருவியும் மாட்டிப் பார்த்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். அது வண்டி போன பிறகு உதவுகிற சாமான். சிம்முக்கு வருடச் சந்தா உண்டு, அண்டர்கிரவுண்டு பார்க்கிங்கில் சிக்னல் இல்லை, வண்டியைச் சில நாள் எடுக்காவிட்டால் வண்டி பேட்டரியைக் குடித்துவிடும். விவரம் தெரிந்த திருடன் முதலில் சீட்டைக் கழற்றித் தேடுவதும் அதைத்தான். சந்தா முடிந்ததும் புதுப்பிக்கவில்லை. கடன் வாங்கி விலை உயர்ந்த வண்டி எடுத்தவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம், ஆனால் பூட்டுக்குப் பதிலாக வேண்டாம்.

பூட்டைப் பற்றி எழுதும்போது இன்சூரன்ஸைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. அந்தத் தம்பிக்கு ஒரு பைசா வரவில்லை. புது வண்டி எடுக்கும்போது ‘ஐந்து வருட இன்சூரன்ஸ்’ என்று ஷோரூமில் சொன்னதை அவன் முழுசாக நம்பிவிட்டான். 2018 செப்டம்பரில் இருந்து புது இருசக்கர வண்டிக்கு ஐந்து வருடம் கட்டாயம் என்று வந்தது மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான். அது நம் வண்டியால் அடுத்தவருக்கு ஆகிற சேதத்துக்கு. நம் வண்டி திருடுபோனால் அதில் எதுவும் கிடைக்காது. திருட்டுக்குப் பணம் தருகிற சொந்தச் சேதக் காப்பீடு பெரும்பாலும் முதல் வருடத்துக்கு மட்டும் சேர்ந்திருக்கும். பிறகு நாமே வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இன்றே உங்கள் பாலிசியை எடுத்து இந்த இரண்டு காப்பீடும் முடிகிற தேதியைப் பாருங்கள். தம்பியின் வண்டி போய்விட்டது, அவன் தவணை மட்டும் இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறான்.

சொந்தச் சேதக் காப்பீடு உயிரோடு இருந்தாலும், திருடுபோன அன்றே எஃப்.ஐ.ஆர். போட்டுவிட வேண்டும். எஃப்.ஐ.ஆர். உடனே போட்டிருந்தால், கம்பெனிக்குத் தகவல் சொல்லத் தாமதமானது என்ற ஒன்றை வைத்து மட்டும் பணத்தை மறுக்கக் கூடாது என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இருந்தாலும் அன்றே சொல்லிவிடுவது நல்லது. இரண்டு சாவியையும் கேட்பார்கள்; ஒன்று தொலைந்திருந்தால் இப்போதே எழுதிக் கொடுத்துப் பதிவு பண்ணுங்கள். பிரீமியத்தில் திருட்டுத் தடுப்புக் கருவிக்குத் தள்ளுபடி உண்டு என்று சிலர் சொல்லி விற்பார்கள். அது புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. என்கிற வாகன ஆராய்ச்சி அமைப்பு அங்கீகரித்த கருவிக்குத்தான், அதிகபட்சம் 500 ரூபாய். மார்க்கெட்டில் வாங்குகிற டிஸ்க் லாக்குக்கு அது கிடையாது.

தம்பி இப்போது பழைய வண்டி ஒன்று எடுத்திருக்கிறான், இரண்டு சக்கரமும் டிரம் பிரேக். அவனுக்கு டிஸ்க் லாக் ஆகாது என்பதால், அலாய் வீலுக்குள் விட்டு, முன்சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கோடு பூட்டுகிற மாதிரி ஒரு மீட்டர் நீளச் சங்கிலியும், திண்டுக்கல் பூட்டும் போன டூரில் வாங்கிக் கொடுத்தேன். பூட்டு 450 ரூபாய். சாவி மூன்று தந்தார்கள்.